‘ப’ என்றால் பனை: ஒரே மரத்தில் எனக்குப் பிடித்தவை

[திரையில் கரும்பலகை. ஒரு கை சாக்பீஸால் ‘ப’ எழுதுகிறது.]

வணக்கம். ஓர் எழுத்தைச் சொல்லி, அதில் தொடங்கும் பிடித்த பொருள்களை அடுக்கும் விளையாட்டை நீங்களும் ஆடியிருப்பீர்கள். போன வாரம் கரண்ட் போன நேரத்தில் வீட்டுப் பிள்ளைகளோடு ஆடினேன். எனக்கு வந்தது ‘ப’. பதநீர், பனங்கிழங்கு, பனங்கற்கண்டு என்று சொல்லிக்கொண்டே போனபோதுதான் உறைத்தது: எல்லாம் ஒரே மரத்துப் பொருள்கள்!

[பனைமரம், அடியிலிருந்து உச்சி வரை.]

என் பட்டியலில் முதலிடம் பதநீருக்குத்தான். பனையின் பூங்குலைக்குப் பாளை என்று பெயர். பனையேறி அந்தப் பாளையை கடிப்பு என்ற மர இடுக்கியில் வைத்துச் சில நாள் பக்குவமாக நசுக்குவார். பிறகு நுனியைச் சீவி, கலயத்தைக் கட்டித் தொங்கவிடுவார். சொட்டுச் சொட்டாகச் சாறு இறங்கும். சீவிய இடம் காய்ந்தால் சொட்டு நின்றுவிடும். அதனால் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை ஏறி, மெல்லிய ஒரு சீவல் சீவ வேண்டும். ஒரு மரத்துக்கே இப்படி. அவர் ஏறுவதோ பல மரங்கள்.

[கலயத்தின் உட்புறம். வெள்ளைப் பூச்சு.]

கலயத்துக்குள் தெரியும் இந்த வெள்ளை, சுண்ணாம்பு. சாற்றில் சர்க்கரை அதிகம். காற்றிலும் பாளையிலும் உள்ள ஈஸ்ட் அதில் இறங்கினால் உடனே புளிக்கத் தொடங்கிவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மை அதைத் தடுக்கிறது. பூசிய கலயத்தில் பதநீர், பூசாத கலயத்தில் கள். மரமும் பாளையும் ஒன்றுதான். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருப்பதால், பனையேறியின் பிழைப்பே இந்தச் சுண்ணாம்பை நம்பித்தான் நிற்கிறது.

குடிப்பதற்கு டம்ளர் வேண்டாம். பனையோலையை மடித்துக் கட்டினால் அதுதான் பட்டை. அதில் பதநீரை ஊற்றி, நுங்கைப் பிதுக்கிப் போட்டு, இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்க வேண்டும். பச்சை ஓலை மணம் சேராத பதநீர் எனக்கு அரைப் பதநீர்தான்.

[மட்டையின் அடியில் வலை போன்ற நார்.]

இதைப் பார்த்திருக்கிறீர்களா? பன்னாடை. மட்டை மரத்தோடு சேரும் இடத்தில், நெய்த துணி மாதிரி தானாகவே வளர்வது. பதநீரில் விழுந்த ஈ, எறும்பை வடிகட்ட இதைப் பயன்படுத்துவார்கள். நல்லதை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்கிறது என்று சொல்லி, இதன் பெயரைத் திட்டாக்கிவிட்டோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு. கசடைப் பிடிப்பதுதானே அதன் வேலை? அது பிடிப்பதால்தான் நமக்குத் தெளிந்த பதநீர் கிடைக்கிறது.

பதநீரைக் காய்ச்சி அச்சில் ஊற்றினால் பனங்கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே உண்டு. பாகை ஆடாமல் அசையாமல் நாள்கணக்கில் விட்டுவைத்தால் பனங்கற்கண்டு விளையும். யாழ்ப்பாணத்தில் பனம்பழத்தின் களியைப் பாயில் ஊற்றி வெயிலில் காயவைப்பார்கள், அதன் பெயர் பனாட்டு. அதுவும் ‘ப’தான்!

[மண்ணைக் கிளறி எடுக்கும் கிழங்குகள்.]

கடைசியாகப் பனங்கிழங்கு. பனம்பழக் கொட்டைகளை மண்மேட்டில் பரப்பி மூடிவைத்தால், முளை மேலே வராமல் முதலில் கீழே இறங்கும். மண்ணுக்குள் பருத்துக் கிடக்கும் அந்த முளையைத்தான் நாம் கிழங்கு என்கிறோம். தைப்பொங்கல் சமயத்தில் தோண்டி, மஞ்சளும் உப்பும் போட்டு அவிக்க வேண்டும். தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுத்தண்டை எடுத்துவிட்டு, நாரைக் கிழித்துக்கிழித்துத் தின்ன வேண்டும்.

[பிளந்த கொட்டை. உள்ளே வெள்ளைச் சதை.]

கிழங்கைப் பிய்த்த பிறகு கொட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வெட்டிப் பாருங்கள், உள்ளே பஞ்சு போல, லேசான இனிப்போடு தவுண் இருக்கும். எங்கள் வீட்டில் கிழங்குக்கு முன் அதுதான் தீரும். அடுத்த முறை எனக்கு ‘த’ வந்தால், முதலில் சொல்லப்போவது அதைத்தான்.