மலைப்பாதையில் பயமும் நண்பர்களும்

நேயர்கள் எல்லோருக்கும் அன்பு வணக்கம்.

மலைச் சைக்கிள் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். எங்கள் யாழ்ப்பாணக் குடாநாடோ முழுக்கச் சமதரை. மலையைக் காண வேண்டுமென்றால் வவுனியா, தம்புள்ளை தாண்டித் தெற்கே போக வேண்டும். ஆனால் சைக்கிளை அறியாதவர் இங்கே யார்? போரால் எண்ணெய் கிடைக்காத தொண்ணூறுகளில் விறகும் மரக்கறியும் சைக்கிளில்தான் போயின. நோயாளியையும் அதில்தான் ஏற்றிப் போனோம். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் பல குடும்பங்களின் சொத்து ஒரு கரியரில் கட்டிய மூட்டையாகச் சுருங்கியது. 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது மூலையில் சாத்திக் கிடந்த சைக்கிள்கள் மறுபடியும் ஒழுங்கைகளுக்கு வந்தன. எங்கள் நண்பர் கூட்டம் சேர்ந்ததும் அப்போதுதான். முதலில் விடியற்காலையில், மணல்மேடுகள் உள்ள மணற்காட்டுக்குப் போய்வந்தோம். பிறகு வான் வண்டியில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு மலைநாட்டு ஹப்புத்தளைப் பக்கம் போகத் தொடங்கினோம்.

கியர், ரயர், விலை பற்றியெல்லாம் இன்று நான் பேசப்போவதில்லை. மனதைப் பற்றியே பேசப்போகிறேன். அதிலும், நண்பர்களோடு ஓடும்போது மனம் என்ன செய்கிறது என்பதைப் பற்றி. தனியாகப் பயப்படுவது ஒரு மாதிரி. நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்கப் பயப்படுவது முற்றிலும் வேறு மாதிரி.

இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் நோர்மன் ட்ரிப்லெட் என்ற அமெரிக்க உளவியலாளர். 1898இல் அவர் எடுத்து ஆராய்ந்தது சைக்கிள் பந்தயப் பதிவுகளைத்தான். தனியே நேரத்தோடு போட்டியிட்டு ஓடியவர்களைவிட, கூட ஒருவர் ஓடும்போது வீரர்கள் வேகமாக ஓடியிருந்தார்கள். இது எங்களுக்குப் புதினமில்லை. ரியூசனுக்குப் போகும் இரண்டு பெடியள் பக்கத்துப் பக்கத்தில் உழக்கினால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கூட ஆட்கள் இருந்தால் சில வேலைகள் ஏன் நன்றாக நடக்கின்றன, சில ஏன் கெட்டுப்போகின்றன என்பதற்கு 1965இல் ரொபர்ட் சயோன்ஸ் என்ற உளவியலாளர் ஒரு விளக்கம் சொன்னார். நன்றாகப் பழகிய காரியத்தை, ஆட்கள் பார்க்கும்போது இன்னும் நன்றாகச் செய்வோம். பழகாத காரியத்தை இன்னும் மோசமாகச் செய்வோம். 1969இல் அவரும் கூட்டாளிகளும் இதைக் கரப்பான்பூச்சிகளிலேயே சோதித்தார்கள். மற்றக் கரப்பான்கள் பார்த்துக்கொண்டிருக்க, நேரான பாதையில் பூச்சி வேகமாக ஓடியது. திரும்பி வழி தேட வேண்டிய பாதையில் தனியே ஓடியதைவிட மெதுவாகிப்போனது.

மலைப்பாதையில் ஓடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும், பாதி விபத்து குறையும் என்பது என் எண்ணம். ஏற்றத்தில் நண்பர்கள் பக்கத்தில் இருப்பது பெரிய பலம். மூச்சு முட்டி, இறங்குவோமா என்று நினைக்கும் நேரத்தில் முன்னால் ஒருவரின் பின்சில்லு தெரிந்தால் கால் தானாக உழக்கும். உழக்குவது நாங்கள் சின்ன வயதிலிருந்தே பழகிய வேலை. ஆனால் ஈரக் கற்கள் கிடக்கும் செங்குத்தான இறக்கம் எங்களுக்குப் பழகியதில்லை. அந்த இடத்தில் அதே நண்பர்கள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தால் கை இறுகும், தெரிந்த வித்தையும் மறந்துபோகும். ஒருவர் போனை எடுத்து வீடியோ பிடிக்கத் தொடங்கினால் இன்னும் மோசம். முதல் தடவை ஓடும் இடத்தில் கமரா வேண்டாம் என்பது எங்கள் கூட்டத்தில் இப்போது ஒரு சட்டம்.

பயம் உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். இதயம் படபடக்கும், மூச்சு நெஞ்சுக்கு மேலேயே நிற்கும். விரல்கள் ஹான்டிலை நெரிக்கும், முழங்கை விறைக்கும். கை விறைத்தால் கல்லில் ஏறும் சில்லின் அதிர்ச்சி எல்லாம் நேரே தோளுக்கு வரும், முன்சில்லு சொன்ன பக்கம் திரும்பாது. எல்லாவற்றையும்விடப் பொல்லாதது கண். பயந்த கண் ஆபத்தான பொருளிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். கண் போகும் பக்கம்தான் சைக்கிளும் போகும். விலக்க நினைத்த கல்லிலேயே கொண்டுபோய் மோதுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஹப்புத்தளையில் லிப்டன் சீற் என்ற காட்சிமுனைக்குக் கீழே, தேயிலைக்கு நடுவே இறங்கும் கல் பாதைகள் உண்டு. தொழிலாளர்கள் கொழுந்து எடுக்கப் போய்வரும் பாதைகள் அவை. அவர்கள் வந்தால் இறங்கி, சைக்கிளைத் தேயிலைப் பக்கம் சாய்த்து, வழி விட வேண்டும். அது அவர்களுடைய வேலைத்தலம், நாங்கள் விருந்தாளிகள். அப்படி ஒரு பாதையில், கற்கள் படிபோல இறங்கி இடது பக்கம் வளையும் ஒரு திருப்பத்தில், எங்களில் ஒருவர் நின்றுவிட்டார்.

"நீங்கள் போங்கோ, நான் பின்னால வாறன்" என்றார்.

கீழே நின்ற ஒருவர், "என்ன மச்சான், பயமோ?" என்று கேட்டுச் சிரித்தார்.

அந்தக் கேள்வியில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் ஒரு ஆம்பிளைப் பிள்ளைக்கு அந்தக் கேள்விக்கு ஒரேயொரு பதில்தான் சொல்லித்தந்திருக்கிறோம். ஷெல்லுக்கும் பொம்பருக்கும் நடுவே வளர்ந்த தலைமுறை நாங்கள். பங்கருக்குள் இருந்துகொண்டே "பயப்படாதே" என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள். பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வதற்கு எங்களுக்குப் பழக்கமே வரவில்லை. அவரும் பதில் சொல்லாமல் பெடலில் காலை வைத்தார்.

அப்போது எங்கள் கூட்டத்தில் மூத்தவர் தன் சைக்கிளைப் படுக்க வைத்துவிட்டு மேலே ஏறிப் போனார். "பொறு. எதைப் பார்க்க உனக்கு ஒரு மாதிரி இருக்கு, காட்டு" என்றார். நண்பர் கையை நீட்டினார். கற்கள் அவருக்குப் பிரச்சினையாக இருக்கவில்லை. திருப்பத்தின் வெளிப்பக்கம் தண்ணீர் ஓட வெட்டிய கான் ஒன்று இருந்தது, அதிலிருந்துதான் அவரால் கண்ணை எடுக்க முடியவில்லை. இரண்டு பேரும் அந்த இறக்கத்தை நடந்து பார்த்தார்கள். முன்சில்லு எந்தக் கல்லில் ஏற வேண்டும், பிரேக்கை எங்கே விட வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பேசினார்கள். பிறகு மூத்தவர் திருப்பம் முடியும் இடத்தில் போய் நின்று, "என்னைப் பார்த்து வா, கானைப் பார்க்காத" என்றார்.

நண்பர் மேலே நின்று நன்றாக யோசித்தார். "இண்டைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு இறங்கினார். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. சிரித்தவர்தான் தன் தண்ணீர்ப் போத்தலை அவரிடம் நீட்டினார். அடுத்து வந்த இரண்டு திருப்பங்களை, உருட்டி இறங்கிய நண்பர் எங்களுக்கு முன்னால் ஓடிப் போனார். அன்றைய பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

பயத்தை விரட்ட வேண்டும் என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. அந்தக் கான் உண்மையிலேயே ஆபத்தானது, அதைப் பயம் சரியாகவே கண்டுபிடித்தது. ஒரு கூட்டம் செய்யக்கூடிய உதவி, அந்தப் பயத்தை வெளியே சொல்லவும் நின்று பார்க்கவும் இடம் கொடுப்பதுதான். நடந்து இறங்குபவருக்கு மதிப்புக் குறையாத கூட்டத்தில்தான் ஓடி இறங்குபவரும் பத்திரமாக இருப்பார். "எல்லோரும் போகிறார்கள், நானும் போகிறேன்" என்று ஒருவர் இறங்கும்போது, முன்னால் போனவரும் அதையே நினைத்துப் போயிருக்கக்கூடும்.

கடைசியாக வருபவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லாக் கூட்டத்திலும் இது நடக்கிறது. கெட்டிக்காரர்கள் மேட்டில் ஏறி நின்று இளைப்பாறுவார்கள். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் "சரி, வெளிக்கிடுவம்" என்பார்கள். அவர்களுக்குப் பத்து நிமிட ஓய்வு, அவருக்கு ஒரு மிடறு தண்ணீர்கூட இல்லை. களைத்த உடம்போடும் எல்லோரையும் தாமதப்படுத்துகிறோம் என்ற குற்ற உணர்வோடும் அவர் அடுத்த இறக்கத்துக்குள் நுழைகிறார். விழுவதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. கடைசியாக வந்தவர் "போவம்" என்று சொன்ன பிறகே மற்றவர்கள் பெடலைத் தொட வேண்டும்.

மலைக்குப் போக வசதியில்லாதவர்களுக்கு மணற்காடு நல்ல பள்ளிக்கூடம். சவுக்கங்காட்டை ஒட்டிய மணல் பாதையில் முன்சில்லைக் குனிந்து பார்த்தால் விழுவீர்கள், பயந்து பிரேக் பிடித்தால் புதைவீர்கள். ரயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கி, பாரத்தைப் பின்னுக்குக் கொடுத்து, தூரத்தைப் பார்த்துக்கொண்டு, கையைத் தளர்த்தி, விடாமல் உழக்க வேண்டும். மலை இறக்கத்தில் மனதுக்குத் தேவையான பயிற்சியில் பெரும்பகுதி அதற்குள் இருக்கிறது. விழுந்தாலும் மணல்தான். மாரி மழைக்குப் பிறகு மணல் இறுகியிருக்கும், தொடங்குபவர்களுக்கு அது சுகம். ஏற்கெனவே இருக்கும் பாதையில் மட்டும் ஓடுங்கள், மணல்மேட்டில் படர்ந்திருக்கும் கொடிகளை மிதிக்காதீர்கள். கையும் கண்ணும் அங்கே பழகிவிட்டால், மலையில் நண்பர்கள் பார்க்கும்போதும் அவை கைகொடுக்கும்.

யாராவது தலை அடிபட விழுந்தால், "ஒன்றுமில்லை, நான் ஓடுவேன்" என்று அவர் சொல்வதைக் கேட்காதீர்கள். மயங்காவிட்டாலும் மூளை அதிர்ந்திருக்கலாம். தலைக்கவசம் போட்டிருந்தாலும் அப்படித்தான். அன்றைய ஓட்டம் அவருக்கு முடிந்தது என்ற முடிவை நண்பர்கள்தான் எடுக்க வேண்டும். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கம் எல்லோருடைய போனிலும் இருக்கட்டும். போன் வேலை செய்யாத இடமென்றால், யார் கீழே போய் ஆள் கூப்பிடுவது என்பதைப் புறப்படும்போதே பேசி வையுங்கள்.

நாங்கள் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். வெளிக்கிட முன்பு, பிளேன்ரீ குடிக்கும் நேரத்தில், இன்றைக்கு எது தனக்குப் பயம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். முதலில் சொல்பவர் எங்களில் மிகவும் கெட்டிக்காரர். அவர் "எனக்கு அந்த ஈரக் கல்லுத்தான் பயம்" என்று தொடங்கினால், மற்றவர்களும் தயங்காமல் சொல்கிறார்கள். புதிதாக வந்தவரிடம் முதலில் கேட்டால் அவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார். ஆகவே, உங்கள் கூட்டத்தில் நன்றாக ஓடுபவர் நீங்கள் என்றால், அடுத்த ஞாயிறு முதலில் வாயைத் திறக்க வேண்டியவர் நீங்கள்தான்.

நன்றி, வணக்கம்.