ஓடும் உலோகத் துளியைத் திருப்புவது எப்படி?

[காட்சி: தெளிந்த கரைசலுக்குள் வெள்ளி நிறத் துளி ஒன்று வளைந்த பாதையில் ஓடுகிறது]

இந்தத் துளியை யாரும் தள்ளவில்லை. பேட்டரி, ஒயர் எதுவும் கிடையாது. பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் லியூ ஜிங் குழுவினர் 2015-ல் வெளியிட்ட ஆய்வு இது. கேலியம் (கைச்சூட்டிலேயே உருகும் உலோகம்) கலந்த திரவ உலோகத்துக்கு அலுமினியத் துணுக்கைத் தீனியாகப் போட்டு, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் விட்டார்கள். நொடிக்குச் சுமார் 5 செ.மீ. வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. உடனே செய்திகளில் சினிமா ரோபோ கதையெல்லாம் கிளம்பிவிட்டது. அது கிடக்கட்டும், எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம்.

[காட்சி: துளியின் பின்பக்கம் பெரிதாகத் தெரிகிறது, குமிழிகள் கிளம்புகின்றன]

கேலியத்தின் மேல் எப்போதும் மெல்லிய ஆக்சைடு தோல் படியும். கரைசல் அந்தத் தோலைக் கரைத்துவிடுகிறது. உள்ளே அலுமினியமும் கேலியமும் சேர்ந்து ஒரு குட்டி மின்கலமாகின்றன. அலுமினியம் ஒட்டியிருக்கும் பக்கம் ஒரு மின்னழுத்தம், எதிர்ப்பக்கம் வேறு. மின்னழுத்தம் மாறினால் பரப்பு இழுவிசையும், அதாவது துளியின் மேற்பரப்பைச் சுருக்கிப் பிடிக்கும் விசையும், மாறும். பாதரசத்தை வைத்து இயற்பியலாளர் லிப்மன் 1875-லேயே காட்டிய விஷயம்தான். திரவ உலோகத்தின் பரப்பு இழுவிசை தண்ணீரைப் போலப் பல மடங்கு என்பதால், இரு பக்கத்துக்கும் கொஞ்சம் வித்தியாசம் வந்தாலே துளி நகர்ந்துவிடும். பின்னாலிருந்து ஹைட்ரஜன் குமிழிகளும் தள்ளுகின்றன.

ஓட வைப்பது பெரிய வேலை இல்லை. சொன்ன பக்கம் போக வைப்பதுதான் பாடு. மில்லிமீட்டர் அளவுத் துளிகளைத் திறந்த தட்டில் விட்டால் கண்டபடி அலையும்.

[காட்சி: தட்டின் இரு முனைகளில் மின்வாய்கள்]

எளிய வழி, பாதை வெட்டிக் கொடுப்பது. இடம் குறுகினால் துளியும் ஒடுங்கி நுழைந்துவிடும். ஆனால் அங்கே திருப்புவது பாதைதான், நாம் இல்லை. இரண்டாவது வழி மின்புலம். கரைசலின் இருபுறமும் மின்வாய் வைத்து மின்னழுத்தம் கொடுத்தால் துளி நேர்மின்வாயை நோக்கித் திரும்பும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகமும் கூடும், மின்வாய்களை மாற்றினால் திசை மாறும். என் கணக்கில் இதுதான் உண்மையான ஸ்டியரிங்.

மூன்றாவது காந்தம். கேலியத்தைக் காந்தம் இழுக்காது. அதனால் துளியின் ஒரு பகுதிக்கு நிக்கல் பூசுகிறார்கள். அப்புறம் வெளியே காந்தத்தை நகர்த்தினால் போதும்.

[காட்சி: குமிழிகள் குறைந்து, துளியின் வேகம் தணிகிறது]

வீட்டில் முயலவேண்டாம்: கரைசல் தோலை அரிக்கும், ஹைட்ரஜன் தீப்பிடிக்கும். மருந்தை உடலுக்குள் சுமந்து செல்லும் என்ற பேச்சும் இப்போதைக்கு எட்டாதது. இந்த ஆய்வில் துளி ஓடியது தோலை அரிக்கும் கரைசலில். அலுமினியம் தீர்ந்தால் துளியும் நின்றுவிடும்.