பலகை அடிப்பதற்கு முன்னால் மொட்டை மாடிக்குப் போங்கள்

வணக்கம் மக்களே. ஃபேன் சத்தம் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதை நிறுத்திவிட்டு இந்த மாடி அறையில் உட்கார்ந்து பேச என்னால் ஆகாது. கேமராவை அப்படியே மேலே திருப்புகிறேன். தெரிகிறதா? 10-க்கு 12 அடி அறை, கூரை முழுக்கப் பைன் பலகை. சென்னை நங்கநல்லூரில் அப்பா கட்டிய வீட்டின் மேல்மாடி இது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மூலையில் இருக்கிற ஆறு பலகைகள் மட்டும் இரண்டாவது தடவை போட்டவை. முதல் ஆறையும் கெடுத்தது நான்தான்.

மரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மொட்டை மாடிக்குப் போங்கள். தளத்தில் ஊறல் இருக்கும்போது கீழே பலகையை அடித்து மூடினால், ஒழுகுவது நிற்காது. நம் கண்ணில் படுவதுதான் நிற்கும். பலகை கறுத்து, கரையான் மண்கோடு சுவரில் இறங்கும் அன்றைக்குத்தான் தெரியவரும். நான் என்ன செய்தேன் என்றால், ஒன்றரை அடிச் சதுரமாகப் பாலித்தீன் தாளை வெட்டி, தளத்தின் அடியில் வைத்து, நான்கு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டேன். அறையில் நான்கு இடத்தில். மூன்று தாள் காய்ந்து கிடந்தது. நான்காவதின் உள்பக்கம் வியர்த்த டம்ளர் மாதிரி முத்து முத்தாகத் தண்ணீர். மேலே போய்ப் பார்த்தால், மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் வாய்ப்பக்கம், தளத்தில் பதித்த தட்டோடுகளில் இரண்டு விரிசல் விட்டிருந்தன. அவற்றைப் பெயர்த்து மறுபடி பதித்து, இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்த்த பிறகுதான் கீழே வேலை.

மரம் வாங்கியது சூளை ஏரியாவில், சைடன்ஹாம்ஸ் ரோட்டில். தேக்கு கேட்டேன், விலை சொன்னார்கள், மரியாதையாகப் பைன் பக்கம் திரும்பினேன். 4 அங்குல அகலம், 12 மில்லிமீட்டர் கனம், ஒரு ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு, மறு ஓரத்தில் அது நுழைகிற பள்ளமான காடி. அறை 120 சதுர அடி; வெட்டில் வீணாவதற்குப் பத்து சதவீதம் சேர்த்து 132 சதுர அடி எடுத்தேன். வந்த பலகைக் கட்டுகளைப் பிரித்து, அதே அறையில் நடுவில் குச்சி கொடுத்து அடுக்கிப் பத்து நாள் போட்டு வைத்தேன். மரம் நம் ஊர்க் காற்றுக்குப் பழகட்டும் என்று. அது வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் செய்தேன்.

கார்பெண்டர் அண்ணன் அப்போதே சொன்னார். "தம்பி, மாட்டுறதுக்கு முன்னாடி முதுகுக்கும் ஒரு கை சீலர் அடிச்சிடுங்க." சீலர் என்றால் மரத்தின் நுண்துளைகளை அடைக்கிற முதல் பூச்சு. முதுகை யார் பார்க்கப் போகிறார்கள், எதற்கு இரண்டு மடங்கு சீலர் என்று நான் கணக்குப் போட்டேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அவர் ஊருக்குப் போயிருந்த ஒரு வாரத்தில், நவம்பர் மாதம், ஒரு ஆர்வத்தில் நானே ஆறு வரிசையை அடித்து, அன்றைக்கே என்சி லாக்கரையும், அதாவது சீக்கிரம் காய்கிற நைட்ரோசெல்லுலோஸ் வார்னிஷையும், ஸ்ப்ரே செய்துவிட்டேன். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

அரை மணி நேரத்தில் பலகை மேல் பால் ஊற்றின மாதிரி வெள்ளை படர்ந்தது. துடைத்தால் போகாது, அது மேலே இல்லை, லாக்கருக்குள்ளேயே இருக்கிறது. லாக்கரில் இருக்கிற தின்னர் சட்டென்று ஆவியாகும். ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் நிறைய இருந்தால் அந்தக் குளிர்ச்சியில் தண்ணீர் படிந்து, காய்கிற படலத்துக்குள் மாட்டிக்கொள்ளும். அதுதான் அந்த வெள்ளை. காய்ந்த நாளாகப் பார்த்து, மெதுவாக ஆவியாகிற ரிடார்டர் தின்னரை லேசாக அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். எனக்கும் தெளிந்தது.

ஆனால் அடுத்த இரண்டு வாரத்தில் வேறொன்று. கீழ்முகம் லாக்கரால் மூடியாச்சு. முதுகு பூச்சு படாத வெறும் மரம், தளத்துக்கும் பலகைக்கும் நடுவே இருக்கிற ஈரக்காற்றைக் குடித்து முதுகு மட்டும் வீங்கியது. ஒவ்வொரு பலகையும் நடுவில் மேலே ஏறி, ஓரங்கள் கீழே வளைந்து, கவிழ்த்த நாட்டு ஓடு மாதிரி ஆகிவிட்டது. இதோ, ஒன்றை எறியாமல் வைத்திருக்கிறேன். இந்த ஸ்கேலை அகலவாக்கில் வைக்கிறேன், நடுவில் வெளிச்சம் தெரிகிறது பாருங்கள். மூன்று மில்லிமீட்டர் இருக்கும். அண்ணன் திரும்பி வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

மறுபடி தொடங்கியது தை பிறந்த பிறகு. இந்தத் தடவை எல்லாப் பலகைக்கும் பூச்சு வேலை கீழேயே, குதிரை (மரத் தாங்கி) போட்டு. 120 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 180, மரத்தின் ரேகை ஓடுகிற வாக்கில் மட்டும். குறுக்கே ஒரு இழு இழுத்தாலும், ஸ்டெயின் (மரச் சாயம்) அடித்தால் அது அந்தக் கீறலில் கோடாக நிற்கும். பைனில் கணு நிறைய, அதிலிருந்து பிசின் கசியும், அதனால் கணுவுக்கு மட்டும் அரக்கு பாலிஷ் ஒரு தொடு. பிறகு முதுகு, முகம், நாக்கு, காடி எல்லாவற்றிலும் சீலர். காய்ந்ததும் 220-ல் லேசாகத் தேய்த்து, முகத்துக்கு பியூ மேட், அதாவது பளபளப்பில்லாத பாலியூரித்தேன் பூச்சு, இரண்டு கோட். பளபளப்பு வேண்டாம் என்று நான் சொல்வேன். கூரையில் பளபளக்கிற பூச்சு அடித்தால் லைட் போட்டதும் ஒவ்வொரு மேடுபள்ளமும் ஊருக்கே தெரியும்.

மாட்டுகிற வேலை இதற்குப் பிறகு சுலபம். தளத்தில் துளை போட்டு, பிளக் வைத்து, கரையான் மருந்து அடித்த ரீப்பரை (பலகையைத் தாங்கும் மெல்லிய மரச் சட்டம்) பலகைக்குக் குறுக்காக, 2 அடிக்கு ஒன்று. ட்யூப் லெவல் (மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாய்) பிடித்து, நூல் கட்டித்தான் ரீப்பர் அடிக்க வேண்டும். தளம் மட்டமாக இருக்கும் என்று நம்பாதீர்கள், எங்கள் வீட்டில் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் முக்கால் அங்குலம் வித்தியாசம். ஆணி நாக்கில் சாய்வாக இறங்கும், அடுத்த பலகையின் காடி அதை மறைத்துவிடும். சுவரோரம் 10 மில்லிமீட்டர் விட்டு, அந்த இடைவெளியை மறைக்க பீடிங், அதாவது மெல்லிய மரப்பட்டி. பீடிங்கைச் சுவரில்தான் அடித்தோம், பலகையில் இல்லை. மழைக்காலத்தில் பலகை அகலும், அதற்கு இடம் வேண்டும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பலகை மட்டுமே கிட்டத்தட்ட 65 கிலோ தொங்குகிறது. ஃபேனை அதில் மாட்டாதீர்கள். தளத்து கொக்கியில் மாட்டி, ராடை நீட்டிக்கொள்ளுங்கள்.

மயிலாப்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் பார்த்திருப்பீர்கள். தேக்கு உத்தரத்தின் மேல் மெல்லிய செங்கல்லைச் சுண்ணாம்பில் குத்துவாக்கில் அடுக்கியிருப்பார்கள். அங்கே மரம் திறந்தே இருக்கும், காற்று படும், எங்கே ஈரம் என்று அண்ணாந்தாலே தெரியும். நாம் மூடிவிட்டோம். அதனால் அந்தப் பழைய ஒழுகல் மூலையில் மட்டும் ஒரு பலகைத் துண்டுக்கு ஆணி இல்லை, இரண்டு ஸ்க்ரூதான். இருங்கள், கழற்றிக் காட்டுகிறேன். டார்ச்சை உள்ளே அடிக்கிறேன்... தளம் காய்ந்து இருக்கிறது, ரீப்பரும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. ஒரு பல்லி குடிவந்திருக்கிறது. அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. மூடிவிடுகிறேன்.