ஒரு மூட்டை இரண்டாகப் பதிந்த கதை

நேயர்களுக்கு வணக்கம். கோத்தகிரிப் பக்கத்தில் சிறு விவசாயிகளின் பசுந்தேயிலையை எடைபோட்டு வாங்கும் நிலையம் ஒன்றுக்கு, எடையைக் கைபேசியில் பதிந்து தொழிற்சாலைக் கணினிக்கு அனுப்பும் மென்பொருளை எழுதியவன் நான். இரு கருவிகள் இணையம் வழியே தகவல் பரிமாறிக்கொள்ள உதவும் இணையச் சேவையை எந்த முறையில் அமைப்பது என்ற கேள்வி எனக்கு அங்கேதான் உறைத்தது.

அப்போது என் முன் இரண்டு வழிகள் இருந்தன. சோப் என்பது, எக்ஸ்எம்எல் என்ற குறிச்சொல் வடிவத்தில் எழுதிய உறைக்குள் செய்தியை வைத்து, முன்கூட்டியே எழுதிய ஒப்பந்தத்தின்படி அனுப்பும் மூத்த முறை. ரெஸ்ட் என்பது, ராய் ஃபீல்டிங் 2000-ஆம் ஆண்டில் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் விளக்கிய கட்டமைப்பு. நடைமுறையில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு முகவரி கொடுத்து, வலைத்தளங்கள் பேசிக்கொள்ளும் விதிமுறையான எச்டிடிபியின் கெட் (எடு), போஸ்ட் (புதிதாகச் சேர்), புட் (இந்த முகவரியில் வை) முதலிய வினைகளால் அதைக் கையாள்கிறோம். இதே வேலைக்கான புதிய முறைகளான கிராஃப்க்யூஎல், ஜிஆர்பிசி இரண்டும் 2015-இல் வெளியுலகுக்கு வந்தவை. ஒரே ஒரு எடையை அனுப்பும் வேலைக்கு அவை தேவைப்படவில்லை. சிக்னல் மெலிந்த மலைச்சரிவில் சோப்பின் உறை பாரமாகத் தெரிந்ததால் ரெஸ்டை எடுத்தேன்.

எடுத்தும் தவறினேன். பதினெட்டுக் கிலோ மூட்டை ஒன்றைக் கைபேசி போஸ்ட் வழியாக அனுப்ப, தொழிற்சாலைக் கணினியான சர்வர் அதைப் பதிந்துகொண்டது. ஆனால் "வந்து சேர்ந்தது" என்ற பதில் வரும் வழியில் சிக்னல் அறுந்தது. பதில் வராததால் கைபேசி மறுபடியும் அனுப்ப, கணக்கில் முப்பத்தாறு கிலோ ஏறியது. "தம்பி, நான் போட்டது ஒரே மூட்டைதான்" என்று அந்தப் பெரியவரே வந்து சொன்னார். அவர் சொல்லியிராவிட்டால் நான் கவனித்திருப்பேனா என்பது ஐயமே.

அதன்பின் எடைபோடும் நொடியிலேயே கைபேசி ஒரு தனி எண்ணை உருவாக்கி, அந்த எண்ணையே முகவரியாக்கிப் புட் வினையால் அனுப்பும்படி மாற்றினேன். எத்தனை முறை அனுப்பினாலும் ஒரே பதிவாக நிற்பதுதான் புட்டின் இலக்கணம். எச்டிடிபி விதி அதைச் சொல்லிவிடுகிறது, காப்பாற்ற வேண்டியது சர்வரில் நிரல் எழுதுபவர். சோப் தரப்பிலும் இதே சிக்கலுக்கென்று ஒரு தனித் தரநிலை உண்டு என்பதால் அதைக் குறை சொல்ல மாட்டேன். வங்கியோடு பேச வேண்டி வந்து, அங்கே சோப்தான் இருக்கிறதென்றால், முகம் சுளிக்காமல் சோப்பிலேயே பேசுவேன்.

இப்போது சிக்னல் இல்லாத இடத்தில் பதிவுகள் கைபேசியிலேயே காத்திருந்து, இலை ஏற்றிய வண்டி ஊருக்குள் வந்ததும் மொத்தமாகப் போய்ச் சேருகின்றன. எடை இரட்டிப்பது நின்றுவிட்டது. சில கைபேசிகளின் கடிகாரம் தவறாக ஓடுவதால் நேற்றைய இலை நாளைய தேதியில் பதிவதை மட்டும் இன்னும் சரிசெய்யவில்லை.