ரதி அழட்டும்

வணக்கம் நேயர்களே. பேச்சின் வழியே மனதின் அடியில் கிடப்பதைத் தேடும் உளப்பகுப்பாய்வு என்றதும் வியன்னா நகரமும் சாய்வுக் கட்டிலும் மணிக்கணக்கான பேச்சும்தான் பலருக்கு நினைவு வரும். ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் கூலி, போனாலே வீட்டில் கஷ்டம் என்றிருக்கும் தோட்டத்து லயத்து மக்களுக்கு அது எதற்கு என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. வாரத்துக்கு நாலைந்து நாள், ஒவ்வொரு தடவையும் ஐம்பது நிமிடம் என்ற அந்த முறையை நமது மலையக ஆஸ்பத்திரி கிளினிக்கில் நடத்த வழியே இல்லை. ஆனால் அந்தச் சிந்தனை நமக்கு அவசியம் வேண்டும்.

உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த சிக்மண்ட் பிராய்ட் 1920இல் வெளியிட்ட நூலொன்றில் தன் ஒன்றரை வயதுப் பேரனைப் பற்றி எழுதுகிறார். தாய் வெளியே போனால் அந்தப் பிள்ளை அழமாட்டான். நூல் கட்டிய சிறு மரக்கட்டையைத் திரை போட்ட தன் தொட்டிலுக்குள் எறிவான். அது மறைந்ததும் 'போச்சு' என்கிற மாதிரி ஒரு சத்தம். நூலைப் பிடித்து இழுத்துக் கட்டை வெளியே வந்ததும் 'இதோ' என்று சந்தோஷம். தாய் போவதைத் தடுக்க அவனால் முடியாது. கட்டையை அனுப்புவதும் வரவழைப்பதும் அவன் கையில்தான் இருக்கிறது.

நான் பார்த்த ஒரு பையனைப் பற்றி, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். அம்மா மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார். பாட்டி அழைத்து வந்தார். "அம்மாகூடப் பேசவே மாட்டேங்கிறான் மிஸ். அது 'தம்பி'ன்னு ஆரம்பிக்கிறப்பவே கட் பண்ணிர்றான்." கட் பண்ணிவிட்டு என்ன செய்வான் என்று கேட்டேன். "அவனே திரும்ப கோல் எடுப்பான். திரும்ப கட் பண்ணுவான்." பாட்டிக்கு அது திமிராகத் தெரிந்தது. எனக்கு அந்த மரக்கட்டை ஞாபகம் வந்தது. அம்மா விட்டுப் போனது அவனைக் கேட்டு நடக்கவில்லை. சிவப்புப் பொத்தானை அழுத்துவது அவன் விருப்பம். திட்டாதீர்கள், எத்தனை முறை கட் பண்ணினாலும் அம்மா பதில் சொல்லட்டும் என்றேன். அப்புறம் லண்டன் குழந்தை மருத்துவர் வினிகாட்டின் கிறுக்கல் விளையாட்டை அவனோடு ஆரம்பித்தேன். நான் ஒரு கோடு கிறுக்குவேன், அவன் அதை ஏதாவது ஒன்றாக மாற்றுவான். பிறகு அவன் கிறுக்குவான், நான் மாற்றுவேன். காகிதமும் பென்சிலும் போதும். அந்த மருத்துவரின் அறையில் வைத்தியமும் சித்திரமும் தனித்தனியாக இருக்கவில்லை.

பெரியவர்களுக்கு வருகிறேன். 1917இல் பிராய்ட் துக்கத்தையும் மனச்சோர்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். துக்கம் என்பது ஒரு வேலை, அது ஒரே நாளில் முடியாது என்கிறார். போனவரோடு கட்டுண்ட நினைவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றாக விட வேண்டியிருக்கிறது. மனச்சோர்விலோ, போனவர் மேல் உள்ள கோபம் தன் மேலேயே திரும்பிவிடுகிறது. கிளினிக்கில் "எல்லாம் என்னாலதான் மிஸ்" என்ற பேச்சு கேட்கும்போதெல்லாம் இந்தக் கட்டுரை எனக்குத் துணை நிற்கிறது.

நமது தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கிறது. கம்பம் நட்டு, தப்பு முழங்கி, கடைசியில் சிவனின் நெற்றிக்கண் மன்மதனை எரிக்கும். கணவன் மன்மதனை இழந்த ரதியின் புலம்பல்தான் அந்த இரவின் உயிர். பெரும்பாலும் பெண் வேடமிட்ட ஆண்தான் ரதி. ஆனாலும் சுற்றி நிற்கும் பெண்கள் உண்மையாகவே அழுகிறார்கள். கையைத் தூக்க முடியவில்லை என்று வலியோடு வந்துகொண்டிருந்த ஓர் அம்மா, மகன் இறந்ததைப் பற்றி வாயே திறக்காதவர், ஒரு மாசிக்குப் பிறகு சொன்னார்: "ரதி அழுகுறப்ப நானும் அழுதுட்டேன் மிஸ். மகன் பேரச் சொல்லி அழுதேன்." வலி அன்றோடு பறந்துவிடவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் முதல் முறையாக மகனைப் பற்றி நாங்கள் பேசினோம்.

அதனால்தான், நான் பார்த்த சில விழா மேடைகளில் நேரம் போதாதென்று புலம்பலை வெட்டிவிட்டுத் தகனத்தை மட்டும் காட்டியபோது மனசு கனத்தது. பார்க்க அழகுதான், சரி. ஆனால் துக்கம் தன் வேலையைச் செய்வது அந்த நீண்ட பாட்டுக்குள். கூத்து மாஸ்டர்மாரே, அதைக் குறைக்காதீர்கள். கிளினிக்கில் இருக்கும் என் சகாக்களே, மாசி கழிந்து வருகிறவர்களிடம் தூக்கத்தையும் மாத்திரையையும் விசாரித்த பிறகு, கூத்தில் எந்த இடத்தில் அழுகை வந்தது என்றும் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.