எத்தனை மணிக்கு?

நேயர்களுக்கு வணக்கம்.

நாடாளுமன்றத்தில் நடக்கும் எரிசக்தி விவாதத்தைப் பற்றிப் பேச வாருங்கள் என்று வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. டெல்லியை நான் ஒரே ஒரு முறை, அதுவும் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்தவன். நீலகிரியில் குந்தா நீர்மின் திட்டத்தில் முப்பத்தோரு வருட வேலை. அதில் பாதிக்கு மேல் கெத்தை பவர் ஹவுஸில் ஷிப்ட். ஆனால் ஓய்வு பெற்ற பிறகு ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு டிவியில் நாடாளுமன்றம் பார்ப்பேன். சீரியல் போய்விடுகிறதே என்று வீட்டில் தினமும் சண்டை. மின்சாரம், நிலக்கரி, சோலார் என்ற வார்த்தை காதில் விழுந்தால் அவ்வளவுதான், கையில் இருக்கும் காபி ஆறிப்போகும்.

அப்படிப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு மனக்குறை. அவையில் எல்லோரும் எத்தனை மெகாவாட் என்று கேட்கிறார்கள். எத்தனை மணிக்கு என்று கேட்பவரை அதிகம் காணோம்.

மஞ்சூர், கீழ்குந்தா பக்கம் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். டிப்போவில் நூறு பஸ் நிற்கலாம். ராத்திரி ஊட்டி பஸ் ஸ்டாண்டில் கையில் குழந்தையோடு நிற்கும்போது மஞ்சூருக்குக் கடைசி பஸ் இருக்கிறதா, போய்விட்டதா? நமக்கு அதுதானே கேள்வி? டிப்போவில் நிற்கும் நூறை வைத்து என்ன செய்ய?

மெகாவாட் என்பது கரண்ட் கொடுக்கும் திறன், டிப்போவில் நிற்கும் பஸ். யூனிட் என்பது உண்மையில் எடுத்த கரண்ட், ஓடிய தூரம். மணி என்பது நாம் நிற்கும் நேரம். இந்த மூன்றையும் போட்டுக் குழப்பினால் யார் சொல்வதும் உண்மை போலவே இருக்கும். 2025 ஜூலையில் மத்திய அரசு ஓர் அறிவிப்பு செய்தது. நாட்டில் நிறுவிய மின் திறனில் பாதி, நிலக்கரியோ எண்ணெயோ எரிவாயுவோ இல்லாத வகை ஆகிவிட்டது, 2030க்கு வைத்த இலக்கு ஐந்து வருடம் முன்னாலேயே வந்துவிட்டது என்று. சரியான செய்திதான். அதே வருடத்தில் நாம் எரித்த பத்து யூனிட்டில் ஏறத்தாழ ஏழு யூனிட் நிலக்கரியிலிருந்து வந்தது. அதுவும் சரியான செய்திதான். ஆளும் கட்சிக்காரர் முதல் கணக்கைச் சொல்லி மேஜையைத் தட்டுவார். எதிர்க்கட்சிக்காரர் இரண்டாவது கணக்கைச் சொல்லிக் குரலை உயர்த்துவார். ஒருவர் பஸ்ஸை எண்ணுகிறார், இன்னொருவர் கிலோமீட்டரை எண்ணுகிறார். பஸ் ஸ்டாண்டில் நாம் நின்றுகொண்டே இருக்கிறோம்.

நிகர பூஜ்ஜியம் பற்றியும் ஒரு வார்த்தை. செய்தியில் நெட் ஜீரோ என்று கேட்டிருப்பீர்கள். 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் பிரதமர், 2070க்குள் இந்தியா அந்த நிலைக்கு வரும் என்று அறிவித்தார். புகையே இருக்காது என்று அதற்கு அர்த்தம் இல்லை. நாம் மேலே விடும் கரியமில வாயுவும், காடும் மண்ணும் மற்ற வழிகளும் திரும்ப இழுத்துக்கொள்வதும் சமமாக வேண்டும், அவ்வளவுதான். 2070ல் எனக்கு நூற்றுப் பத்து வயது ஆகியிருக்கும். சொன்னபடி நடந்ததா என்று நான் வந்து கேட்கப்போவதில்லை, அந்த தைரியத்தில் யாரும் இருந்துவிட வேண்டாம்.

சரி, மணிக்கு வருகிறேன். நான் 1987ல் வேலைக்குச் சேர்ந்தேன். கன்ட்ரோல் ரூமில் எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு எண்: ஐம்பது. ஃபிரீக்வென்சி என்பார்கள். ஊரெல்லாம் எடுக்கிற கரண்டும் நாங்கள் கொடுக்கிற கரண்டும் சமமாக இருந்தால் முள் ஐம்பதில் நிற்கும். எடுப்பது கூடினால் முள் இறங்கும், எடுப்பது குறைந்தால் ஏறும். கரண்டைக் குடத்தில் பிடித்து வைக்க முடியாது பாருங்கள். அந்தந்த நொடி அந்தந்த நொடிக்கே சரியாக வேண்டும்.

தீபாவளி ஷிப்ட் யாருக்கு விழும் என்று எங்கள் கேம்ப்பில் ஒரு மாதம் முன்னாலேயே பேச்சு தொடங்கிவிடும். விடியற்காலை மூன்று மணிக்கு மற்ற நாளெல்லாம் ஊர் தூங்கும். தீபாவளி அன்று மட்டும் சென்னை முதல் நாகர்கோவில் வரை வீட்டுக்கு வீடு லைட் எரியும், வெந்நீர் கொதிக்கும், தண்ணீர் மோட்டார் ஓடும். எண்ணெய்க் குளியல். எந்த நிலையம் எவ்வளவு ஓட வேண்டும் என்று சொல்லும் லோடு டெஸ்பாட்சிலிருந்து எங்களுக்குப் போன் வரும்: "கெத்தை, இன்னொரு மெஷினை ஏத்துங்க." ஏற்றுவோம். மேலே அணையில் தண்ணீர் இருக்கிறது, வால்வைத் திறந்தால் சில நிமிடத்தில் மெஷின் கரண்ட் கொடுக்கும். நிலக்கரி நிலையத்தில் ஆறிப்போன கொதிகலனை மறுபடி மூட்டிக் கரண்ட் எடுக்கப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் ஊர் குளித்து முடித்து, பலகாரம் தின்று, பட்டாசும் வெடித்துவிடும்.

இதையெல்லாம்விட நான் அடிக்கடி சொல்கிற கதை ஒன்று இருக்கிறது. என்னோடு டீக்கடையில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். அவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

2020 ஏப்ரல் 5, ஞாயிற்றுக்கிழமை. கொரோனா ஊரடங்கு. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு அகல் விளக்கோ மெழுகுவத்தியோ ஏற்றச் சொல்லிப் பிரதமர் கேட்டுக்கொண்டார், ஞாபகம் இருக்கிறதா? இரண்டு நாள் முன்னால்தான் அறிவிப்பு வந்தது. ஊரில் எல்லோரும் எண்ணெய் திரி தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நாடு முழுக்க ஒரே நிமிடத்தில் விளக்கை அணைத்தால் முள் என்ன ஆகும்? ஒன்பது நிமிடம் கழித்து ஒரே நிமிடத்தில் எல்லோரும் போட்டால் என்ன ஆகும்? அதுவும் 2013 டிசம்பர் 31 அன்று தென்னிந்தியாவின் மின்தொகுப்பு, அதாவது நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் கம்பி வலை, நாட்டின் மற்ற பகுதியோடு ஒன்றாகிவிட்டது. அதற்குப் பிறகு பஞ்சாபில் மோட்டார் போட்டாலும் கெத்தையில் முள்ளுக்குத் தெரியும். விழுந்தால் எல்லோரும் சேர்ந்து விழவேண்டியதுதான்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் எட்டரை மணியிலிருந்து கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி வாசலில் விளக்கு வைத்துவிட்டு உள்ளே வந்து பார்த்தாள். "மஞ்சூர் குளிர்ல உங்களுக்கு என்னத்துக்கு இப்படி வேர்க்குது?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. ஃபிரிட்ஜ் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் நின்றால் போயிற்று என்று அர்த்தம்.

டெல்லியில் கணக்குப் போட்டவர்கள் 12,000, 13,000 மெகாவாட் அளவுக்கு இறங்கும் என்று எதிர்பார்த்தார்கள். இறங்கியது 31,000 மெகாவாட்டுக்கு மேல். இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆனால் ஏற்பாடு நன்றாகச் செய்திருந்தார்கள். சாயங்காலமே அனல் நிலையங்களைக் குறைத்து வைத்துவிட்டு, நாடு முழுக்க நீர் மின்நிலையங்களை ஏற்றி ஓடவிட்டிருந்தார்கள். ஒன்பது மணியை ஒட்டித் தண்ணீரைக் குறைத்தார்கள். நீர் மின்சாரம் மட்டும் சுமார் 17,500 மெகாவாட் இறங்கியது. பிறகு ஊர் விளக்கைப் போடப் போட, திரும்ப ஏற்றினார்கள். முள் ஐம்பதை ஒட்டியே நின்றது. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜும் நிற்கவில்லை.

மறுநாள் காலை, இன்னும் வேலையில் இருந்த ஒரு தம்பிக்குப் போன் போட்டேன். "சார், கை நடுங்கிப்போச்சு சார்" என்றான். வாசலில் விளக்கு ஏற்றியவர்களைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். வால்வுக்குப் பக்கத்தில் நின்றவர்களைப் பற்றி அவையில் யாராவது ஒரு நாள் பேசுவார்களா என்று நானும் டிவியைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கதை கொஞ்சம் நீண்டுவிட்டது. நாடாளுமன்றத்துக்கு வருகிறேன்.

நம் அரசியல் சட்டத்தில் மின்சாரம் பொதுப் பட்டியலில் இருக்கிறது, 38வது இனம். டெல்லியும் சட்டம் போடலாம், சென்னையும் போடலாம். அதனால் எந்த மசோதா வந்தாலும் பாதி நேரம் இது யார் அதிகாரம் என்பதிலேயே போய்விடும். 2022 ஆகஸ்ட் 8 அன்று மக்களவையில் இரண்டு காரியம் நடந்தது. மின்சாரச் சட்டத் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார்கள், பெரிய எதிர்ப்பு, நிலைக்குழுவுக்குப் போனது. அன்றைக்கே எரிசக்திச் சேமிப்புச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. டிசம்பரில் மாநிலங்களவையும் அதை நிறைவேற்றியது. முதலாவதைப் பற்றித்தான் பேப்பரில் பெரிய எழுத்தில் வந்தது. ஆனால் நிகர பூஜ்ஜியத்துக்கு வழி போட்டது இரண்டாவது: கரியமில வாயுவைக் குறைத்த அளவை வாங்கி விற்கும் கார்பன் கிரெடிட் சந்தை, பெரிய ஆலைகள் இவ்வளவு பங்கு நிலக்கரி, எண்ணெய், எரிவாயு அல்லாத எரிசக்தி எடுக்க வேண்டும் என்ற கட்டாயம், இதெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் 2070 என்ற வருடத்தை அந்தச் சட்டத்தில் தேடினால் கிடைக்காது. அது உலக நாடுகளுக்குச் சொன்ன வாக்கு, நாடாளுமன்றம் எழுதிய சட்டம் ஆகவில்லை.

பிரிட்டனில் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். 2050க்குள் நிகர பூஜ்ஜியம் என்று 2019 ஜூனில் பழைய சட்டத்தைத் திருத்தினார்கள். அவர்களுடைய மக்களவையில் ஒன்றரை மணி நேரப் பேச்சு, ஓட்டெடுப்புகூட இல்லை. கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2024 செப்டம்பர் 30 அன்று மூடினார்கள். அவர்களுக்கும் எங்கள் தீபாவளி மாதிரி ஒன்று உண்டு. டிவியில் பெரிய மேட்ச் முடிந்ததும் நாடே எழுந்து டீக்குத் தண்ணீர் வைக்கும். அந்த நிமிடத்தைச் சமாளிக்க வேல்ஸ் மலைக்குள் டினோர்விக் என்று ஒரு நீர் மின்நிலையம் வைத்திருக்கிறார்கள். பார்த்தீர்களா, அங்கேயும் மணிதான், அங்கேயும் மலைதான்.

நம் ஊரில் மணிக்கணக்கு வேறு வழியாக வந்துவிட்டது. 2023 ஜூனில் மத்திய அரசு நுகர்வோர் விதிகளைத் திருத்தியது. வெயில் நேரத்தில் கட்டணம் 10 முதல் 20 சதவீதம் குறைவு, எல்லோரும் கரண்ட் எடுக்கும் பீக் நேரத்தில் 10 முதல் 20 சதவீதம் அதிகம். தொழிற்சாலை, கடைகளுக்கு முதலில், விவசாயம் தவிர மற்றவர்களுக்கு அதன் பிறகு, எந்த நேரத்தில் எவ்வளவு எடுத்தோம் என்று பதியும் ஸ்மார்ட் மீட்டர் வைத்தவர்களுக்கு வைத்த உடனே. இது விதி. விதியை அவையின் மேஜையில் வைத்தால் போதும், மசோதா மாதிரி ஒவ்வொரு பிரிவாக நின்று வாதாட வேண்டியதில்லை. நம் அடுப்படிக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்கும் நேராக வந்து நிற்கிற விஷயம் மேஜையில் காகிதமாக வந்து போகிறது. மூன்று மணி நேரச் சண்டை மெகாவாட்டுக்கு. நான் குறை சொல்லாமல் என்ன செய்ய?

ஏன் இந்த மணிக்கணக்கு? மத்தியானம் சோலார் கொட்டுகிறது. ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலை கொட்டுகிறது. சாயங்காலம் ஆறு மணிக்குச் சூரியன் வீட்டுக்குப் போய்விடும், நாம் வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போடுவோம். அந்த நாலைந்து மணி நேரம்தான் நிகர பூஜ்ஜியத்தின் பரீட்சை. மத்தியானக் கரண்டைச் சாயங்காலத்துக்கு எடுத்து வைக்க பேட்டரி ஒரு வழி. இன்னொரு வழி, மத்தியானம் கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, சாயங்காலம் இறக்குவது. நாலு யூனிட் செலவழித்து ஏற்றினால் மூன்று யூனிட் திரும்பக் கிடைக்கும். நஷ்டக் கணக்கு மாதிரி இருக்கும். ஆனால் மத்தியானம் விலை போகாத கேரட்டைச் சாயங்காலச் சந்தையில் விற்கிற மாதிரி, கொஞ்சம் அழுகினாலும் லாபம். ஆனைமலையில் காடம்பாறையில் 400 மெகாவாட்டில் இப்படி ஒன்று ரொம்ப காலமாக இருக்கிறது. நம் குந்தாவில் போர்த்திமந்து மேலே, அவலாஞ்சி எமரால்டு கீழே, இரண்டுக்கும் நடுவில் 500 மெகாவாட் திட்டம். இரண்டு பக்கமும் அணை ஏற்கெனவே இருப்பதால் இதில் எனக்குப் பெரிய தகராறு இல்லை.

அடுத்தது சில்லஹல்லா, அதுவும் இதே மாதிரி தண்ணீரை ஏற்றி இறக்கும் திட்டம்தான். இதற்குத்தான் பத்து நிமிடம் வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமாம். தீபாவளியில் போய்விட்டது நேரம்.

சரி, வேகமாகச் சொல்கிறேன். அங்கே 1,000 மெகாவாட். புது அணை. ஓடை, தோட்டம், ஊர் எல்லாம் இருக்கிற பள்ளத்தாக்கு. பாலகொலா பக்கத்து ஊர்க்காரர்கள் வேண்டாம் என்கிறார்கள். என் சம்பந்தி வீட்டுத் தோட்டமும் அந்தப் பக்கம்தான். பவர் ஹவுஸ்காரனாக எனக்கு அந்தச் சாயங்கால நாலு மணி நேரம் எவ்வளவு பெரியது என்று தெரியும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்து இந்த மலை சரிந்ததையும் பார்த்தவன். எந்த நேரத்துக்கு எவ்வளவு வேண்டும், பேட்டரியால் எவ்வளவு முடியும், இருக்கிற அணைகளால் எவ்வளவு முடியும், அதன் பிறகும் மீதி என்ன? இந்தக் கணக்கை முதலில் அவையில் வையுங்கள், அப்புறம் எங்கள் பள்ளத்தாக்குக்கு வாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். சம்பந்தி இதற்கும் ஒத்துக்கொள்ள மாட்டார். கணக்கே வேண்டாம், தண்ணீரில் கை வைக்காதே என்பார். பொங்கலுக்கு வந்தபோது இரண்டு பேரும் சாப்பாட்டு இலையைக்கூட மறந்துவிட்டுச் சண்டை போட்டோம்.

ஒரு விரல் காட்டிவிட்டார்கள். மீதிக்கு அடுத்த முறை நிலையத்தார் என்னைக் கூப்பிட வேண்டாம், அவரைக் கூப்பிடுங்கள். நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வரச் சொல்கிறேன். வணக்கம்.