மோனா லிசா துணியில் இல்லை, பலகையில்!

வணக்கம் நண்பர்களே. இந்த வாரம் வான் கோ வீடியோவின் இரண்டாம் பாகம் போடுவதாகச் சொல்லியிருந்தேன். அது தள்ளிப்போகிறது. முதலில் இதைப் பேசிவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நேற்று ஆன்லைனில் ஒரு வினாடி வினாவில் கலந்துகொண்டேன். பதினேழாவது கேள்வி: மோனா லிசா எதன் மேல் தீட்டப்பட்டது? யோசிக்கவே இல்லை, "பாப்லர் மரப்பலகை" என்று தட்டினேன். தவறாம்! சரியான விடை கேன்வாஸ் துணியாம். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! ஒரு மதிப்பெண்தானே, விடு என்றார்கள். விடுவேனா? பலகையின் பின்பக்கப் படத்தை அனுப்பினேன், அதிலுள்ள விரிசலைக் காட்டினேன். இருபது நிமிட வாதத்துக்குப் பிறகு மதிப்பெண் வந்தது. மூன்றாம் இடத்திலிருந்து இரண்டாம் இடம்! இன்று காலையில் எழுந்ததும் பட்டியலைத் திறந்து மறுபடி பார்த்துக்கொண்டேன்.

1911-இல் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்திலிருந்து மோனா லிசாவை ஒருவர் திருடிக்கொண்டு போனார். பலகை என்று தெரிந்தால்தான் அந்தத் திருட்டே புரியும். அதனால்தான் இவ்வளவு கோபம். திருடியவர் படத்தைச் சுருட்டிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு போனார் என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! மரப்பலகையை எப்படிச் சுருட்டுவது? உயரம் 77 சென்டிமீட்டர், அகலம் 53. இதோ, அதே அளவில் அட்டை வெட்டி வைத்திருக்கிறேன், பாருங்கள். சட்டைக்குள் நுழைத்தால் மேல் விளிம்பு தாடையில் இடிக்கிறது, குனியவே முடியவில்லை. திருடிய வின்சென்ஸோ பெருஜ்ஜா என்னைவிடக் குள்ளம். வேலை அங்கியைக் கழற்றி, படத்தை அதில் சுற்றி எடுத்துப் போனார் என்பதுதான் நம்பும்படி இருக்கிறது.

ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை. லூவர் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. பெருஜ்ஜா முன்பு அங்கே வேலை பார்த்தவர், படங்களுக்குக் கண்ணாடிப் பெட்டி பொருத்தும் வேலை. அதனால் எதை எப்படிக் கழற்றுவது என்று கைக்குத் தெரியும். சட்டத்தையும் கண்ணாடியையும் படிக்கட்டிலேயே போட்டுவிட்டார்.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேனே! அந்தப் படிக்கட்டின் அடியிலிருந்த கதவு பூட்டியிருந்தது. கைப்பிடியைக் கழற்றிப் பார்த்தார், திறக்கவில்லை. அந்த நேரம் அங்கே வந்த குழாய் வேலைக்காரர் ஒருவர், இவரும் ஊழியர்தான் என்று நினைத்துக் கதவைத் திறந்துவிட்டார்! இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

மறுநாள் லூயி பெரூ என்ற ஓவியர் வந்து பார்க்கிறார், சுவரில் வெறும் கொக்கிகள். காவலர்களோ, புகைப்படம் எடுப்பதற்காக ஓவியத்தைக் கொண்டுபோயிருப்பார்கள் என்று நினைத்திருந்தார்கள். அப்புறம் நடந்ததுதான் அதிசயம்: அருங்காட்சியகத்தை மறுபடி திறந்ததும், அந்த வெற்றுச் சுவரைப் பார்க்கக் கூட்டம் வந்தது. எழுத்தாளர் காஃப்காவும் அவர் நண்பர் மேக்ஸ் பிராடும்கூட அதைப் போய்ப் பார்த்தார்கள். கவிஞர் அப்போலினேரைப் பிடித்துச் சில நாள் சிறையில் வைத்தார்கள், ஓவியர் பிக்காஸோவையும் விசாரித்தார்கள். இரண்டு பேருக்கும் இதில் சம்பந்தமே இல்லை.

படம் இரண்டு வருடத்துக்கு மேல் பெருஜ்ஜாவிடமே இருந்தது. 1913 டிசம்பரில் ஃபுளோரன்ஸில் விற்கப் போய் மாட்டிக்கொண்டார். நெப்போலியன் இத்தாலியிடமிருந்து திருடியதைத்தான் மீட்டேன் என்றார். இதைக் கேட்டு அவரைத் தேசபக்தர் என்று கொண்டாடுபவர்களை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. நெப்போலியன் பிறப்பதற்கு இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பே, அதை வரைந்த லியோனார்டோ டா வின்சி தன் கையாலேயே அந்தப் படத்தைப் பிரான்சுக்குக் கொண்டுபோயிருந்தார். 1519-இல் அவர் இறந்ததும் அங்கேதான். அரசர் முதலாம் ஃபிரான்சுவா வசம் போன படம் அது.

விரிசல் என்றேன் அல்லவா, அதைச் சொல்லி முடிக்கிறேன். பலகையின் மேல் விளிம்பிலிருந்து மோனா லிசாவின் தலைமுடி வரை, ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் நீளம். அது மேலும் பிளக்காமல் இருக்கப் பின்னால் பட்டாம்பூச்சி வடிவ மரத்துண்டு பதித்திருக்கிறார்கள். ஈரப்பதம் கூடிக்குறைந்தால் மரம் வளையும். இரண்டு வருடம் ஒரு சாதாரண அறையில் கிடந்தும் அது பிளக்காமல் திரும்பி வந்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

சரி, அடுத்த வாரம் வான் கோ. அதற்கடுத்து லியோனார்டோவின் இறுதி விருந்து. அது துணியும் இல்லை, பலகையும் இல்லை, சுவர். காய்ந்த சாந்தின் மேல் தீட்டியதால் அவர் உயிரோடு இருந்தபோதே உதிர ஆரம்பித்துவிட்டது. அதற்கும் ஒரு அட்டை வெட்டலாம் என்று பார்த்தால், அகலம் எட்டு மீட்டருக்கு மேல்!